பாக்ஸிங் டே மேட்சும் போன பொங்கல் லீவும்

மொதல்லயே சொல்லிடறேன், இது ஃபுட்பால் மேட்டர். ஐபிஎல் ஏலம் பத்தி ஏதாவது இருக்கும்னு வந்தவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஐரோப்பாவுல பெரும்பாலான லீக்குகள் டிசம்பர் கடைசில கடையைச் சாத்திடும். ஸ்பெயின், ஃபிரான்ஸ்ல பத்து நாளோ ரெண்டு வாரமோ. ஜெர்மனில அதுக்கும் கொஞ்சம் மேல. ரஷ்யாவைக் கேக்கவே வேணாம், டிசம்பர்ல பூட்டினா பனி உருகி மார்ச் வாக்குலதான் தெறப்பாங்க. இங்கிலாந்து மட்டும் நேர் எதிர். ஊரே லீவுல இருக்கும்போதுதான் அங்க மேட்சு மேல மேட்சு. அதுல தலையாயது டிசம்பர் 26, பாக்ஸிங் டே. (குத்துச்சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. கிறிஸ்துமஸுக்கு மறுநாளுக்கு அதான் பேரு.)

இந்த விளையாட்டுக்காரங்களுக்கு குளிர்கால லீவு குடுக்கணுமா வேணாமான்னு இங்கிலாந்துல பல வருஷமா சண்டை. நான் ரொம்ப நாளா "வேணாம்" கட்சி. கட்சின்னா சாதாரண தொண்டன் இல்ல, கொடி பிடிச்சு கோஷம் போடுற ஆளு. காலேஜ் ஹாஸ்டல்ல டிசம்பர் 26 ராத்திரி எட்டரைன்னா டிவி ரூம்ல மொத ஆளா துண்டு போட்டு உக்காந்திருப்பேன். அங்க மத்தியானம் மூணு மணி, நமக்கு எட்டரை. லீவு வேணும்னு எவனாவது வாயைத் தொறந்தா 1963 பாக்ஸிங் டேயை எடுத்து வீசுவேன். அன்னிக்கு மொத டிவிஷன்ல பத்து மேட்ச்ல 66 கோல்! ஃபுல்ஹாம் இப்ஸ்விச்சை 10-1-னு துவைச்சு காயப்போட்டுச்சு. மான்செஸ்டர் யுனைடெட் பர்ன்லி கிட்ட 6-1 வாங்குச்சு. இதுல விசேஷம் என்னன்னா, ரெண்டே நாள் கழிச்சு அதே டீமுங்க திரும்ப மோதுச்சு. இப்ஸ்விச் 4-2-னு ஜெயிச்சுது, யுனைடெட் 5-1-னு பழி தீர்த்துச்சு. "அந்தக் காலத்துல சேத்துல ரெண்டு நாளைக்கு ஒரு மேட்ச் ஆடினாங்க, இப்ப கோடிக்கணக்குல சம்பளம் வாங்கிட்டு கால் வலிக்குதாம்"னு நான் பேசின வசனத்தை நெனச்சா இப்ப கொஞ்சம் வெக்கமா இருக்கு.

அந்த வெக்கம் எப்படி வந்துச்சுங்கறதுக்குத்தான் இந்தக் கொசுவத்தி.

2023 கடைசில ஷெஃபீல்டுல ஆன்சைட் இருந்தேன். க்ளையன்ட் ஒரு வங்கி. டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி மொத வாரம் வரைக்கும் 'ஃப்ரீஸ்', அதாவது ப்ரொடக்‌ஷன்ல யாரும் எந்த மாத்தமும் பண்ணக்கூடாது. அவங்க எல்லாம் லீவு. ஆனா சிஸ்டம் லீவு போடாதே? யாராவது பாத்துக்கணும். மீட்டிங்ல எல்லார் கண்ணும் என் மேல திரும்புச்சு. "நீங்க கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டீங்கல்ல?"னு ரொம்ப மரியாதையா கேட்டாங்க. நானும் பெருந்தன்மையா தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். டிசம்பர் 23-ல இருந்து போன் என் பாக்கெட்ல.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்த ஊர்ல பஸ் ஓடாது, கடை இருக்காது, தெருவுல ஈ காக்கா இருக்காது. ரூம்ல உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும்னு கிராஸ்பூல் பக்கம் மேடேறி நடந்தேன். அங்க சாண்டிகேட்னு ஒரு மைதானம். ஹாலம் கிளப்போடது. உலகத்துலயே பழைய ஃபுட்பால் மைதானம்னு கின்னஸ்ல இருக்கு. 1860-ல டிசம்பர் 26-ந் தேதி ஹாலமும் ஷெஃபீல்டு கிளப்பும் அங்கதான் மோதினாங்க. ரெண்டு கிளப்புக்கு நடுவுல நடந்த மொத மேட்சே அதுதான்னு சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, இந்த விளையாட்டுல கிளப் மேட்ச்ங்கற சமாச்சாரம் பொறந்ததே பாக்ஸிங் டே அன்னிக்கு. கேட் பூட்டியிருந்துச்சு. கம்பி வழியா சரிஞ்சு கெடந்த அந்த மைதானத்தைப் பாத்துட்டு, ஏதோ மதுரை மீனாட்சி கோயில் நடை சாத்தின நேரத்துல போனவன் மாதிரி கன்னத்துல போட்டுக்கிட்டு எறங்கினேன்.

மறுநாள் பிராமல் லேன்ல ஷெஃபீல்டு யுனைடெட், லூட்டன் மேட்ச். க்ளையன்ட் சைடுல ஒரு பெரியவர், ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருஷம் பாக்கி, அவரோட மகனுக்கு வர முடியலைன்னு அந்த சீட்டை எனக்குக் குடுத்தார். அவங்க அப்பா கூட பாக்ஸிங் டேக்கு வந்தவராம், அப்புறம் மகனைக் கூட்டிட்டு வந்தவராம். அந்த ஸ்டாண்டுல முக்காவாசிப் பேர் அப்படித்தான். தாத்தா, அப்பா, பேரன்னு வரிசையா உக்காந்திருக்காங்க. குளிருக்கு ஒரு கப்ல சூடா பழுப்பு நெறத்துல ஒண்ணு வாங்கிக் குடுத்தார். பாதி குடிச்சதுக்கு அப்புறம்தான் அது போவ்ரில், மாட்டிறைச்சி சாறுன்னு தெரிஞ்சுது. அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதறேன் :-)

மேட்ச்? அதை ஏன் கேக்கறீங்க. லூட்டன் மொத கோல். ரெண்டாவது பாதில யுனைடெட் ரெண்டு போட்டு 2-1. பெரியவர் என் தோளைப் பிடிச்சுக் குலுக்கறார். கடைசி கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு சேம் சைடு கோல். நாலு நிமிஷத்துல இன்னொரு சேம் சைடு கோல். 3-2-னு லூட்டன் ஜெயிச்சுது. எதிராளி அடிச்சுத் தோத்தா திட்டலாம், தன் ஆளே தன் வலைக்குள்ள தள்ளினா என்ன பண்றது? ஸ்டாண்டுல ஒரு மயான அமைதி. நாலு நாள் முன்னாடிதான் அவங்க ஆஸ்டன் வில்லாவுல 97-வது நிமிஷத்துல கோல் வாங்கி 1-1 டிரா ஆயிட்டு வந்திருந்தாங்க. இதுக்கு நாலு நாள் கழிச்சு மான்செஸ்டர் சிட்டில மேட்ச். ஒன்பது நாளைக்குள்ள மூணு. அந்த சேம் சைடு கோலுக்கு அசதிதான் காரணம்னு நான் சொல்ல வரலை. அந்த சீசன் முழுக்க அவங்க டிஃபென்ஸ் ஓட்டைப் பானைதான், 38 மேட்ச்ல 104 கோல் வாங்கி எறங்கிப் போனாங்க. ஆனா அன்னிக்கு நான் "என்னய்யா இவன், கண்ணு தெரியலையா"ன்னு கத்தினது நல்லா ஞாபகம் இருக்கு.

ஏன் ஞாபகம் இருக்குன்னா, அடுத்த சேம் சைடு கோல் நான் போட்டது.

ஜனவரி மொத வாரம் ஃப்ரீஸ் முடிஞ்சுது. ஒரு மாசமா தேங்கி நின்ன ரிலீஸ் எல்லாம் அணை ஒடைஞ்ச மாதிரி வந்து விழுந்துச்சு. அவங்க லீவு முடிஞ்சு ஃப்ரெஷ்ஷா வந்தாங்க. என் பொங்கல் லீவு கேன்சல். "ஏண்டா, மூணாவது வருஷமா?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. 13-ந் தேதி சனிக்கிழமை, ரிலீஸ் நைட். சாயங்காலம் நியூகாசில், சிட்டி மேட்ச் பாத்தேன். தொடைத் தசை கிழிஞ்சு அஞ்சு மாசம் லீக்ல ஆடாம இருந்த டி ப்ரூய்னா, பாதி ஆட்டத்துக்கு மேல எறங்கி ஒரு கோல் போட்டு, கடைசி நிமிஷத்துல ஒரு கோலுக்கு பாஸும் குடுத்து 3-2-னு தூக்கிட்டுப் போனார். அந்த வாரம்தான் பிரீமியர் லீக்ல குளிர்கால லீவு. பாதி டீமுங்க இந்த வாரம், மீதி அடுத்த வாரம் ஆடும். ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு ரெண்டு வாரம் ஓய்வு. எனக்கு அன்னிக்கு தொடர்ச்சியா 22-வது நாள் டூட்டி.

ராத்திரி ரெண்டு மணி. ரெண்டு சர்வர்ல ஒண்ணு ஓடிட்டிருக்கும், இன்னொண்ணு சும்மா நிக்கும். சும்மா நிக்கறதை ரீஸ்டார்ட் பண்ணணும். நான் ஓடறதை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். ரெண்டும் ரெண்டு ஜன்னல்ல தெறந்து வெச்சிருந்தேன், பேர்ல கடைசி ஒரு நம்பர்தான் வித்தியாசம். எத்தனையோ தடவ பண்ணின வேலை. நாப்பது நிமிஷம் பேமெண்ட் எல்லாம் நின்னு போச்சு. ஊர்ல போகிக்கு விடிஞ்சு பழசை எல்லாம் கொளுத்திட்டிருந்த நேரத்துல நான் பதினஞ்சு பேர் இருந்த கால்ல மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன். ரிப்போர்ட்ல காரணம்ங்கற எடத்துல 'மனிதப் பிழை'ன்னு எழுதினாங்க. 22 நாள்ங்கற நம்பர் அதுல எங்கயுமே இல்ல. நானும் சேக்கலை. சேத்தா சாக்கு சொல்ற மாதிரி ஆயிரும்ல?

அதுக்கப்புறம்தான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடிப் படிச்சேன். முன்னாடியே கேள்விப்பட்டிருக்கேன், கட்சிக்கு எதிரானதுன்னு தொடாம இருந்தது. ஸ்வீடன் டாக்டர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவர் குழுவும் ஐரோப்பாவோட பெரிய கிளப்புகளை ஏழு சீசன் பின்தொடர்ந்து 2019-ல வெளியிட்டது. லீவு இல்லாத டீம், லீவு இருக்கற டீமை விட ஒரு சீசனுக்குச் சராசரியா 303 ஆட்ட-நாள் கூடுதலா காயத்துல இழக்குது. ஆட்ட-நாள்னா, ஒருத்தர் ஒரு நாள் காயத்தால வெளிய உக்காந்தா ஒண்ணு. ஒரு டீமுக்கு 303. இங்கிலாந்துல வேகமும் மோதலும் ஜாஸ்தி, காயத்துக்கு அதுவும் காரணமா இருக்கலாமேன்னு என் பழைய கட்சி மூளை இன்னும் கேக்கத்தான் செய்யுது. கேக்கட்டும். ஆனா ஒருத்தன் தசை கிழியும்போது நாம பாக்கறது அந்த ஒரு ஓட்டத்தை மட்டும்தான். அதுக்கு முந்தின 22 நாள் ரிப்போர்ட்ல வராது.

சரி, லீவு குடுத்துத்தான் பாத்தாங்களேன்னு கேப்பீங்க. குடுத்தாங்க, குடுத்த லட்சணத்தைப் பாருங்க. 2020 பிப்ரவரில மொத தடவ. அந்த நேரம் பாத்து லிவர்பூல் எஃப்ஏ கப்புல ஷ்ரூஸ்பரி கிட்ட 2-2 டிரா. மறு ஆட்டம் சரியா லீவுக்குள்ள விழுந்துச்சு. க்ளாப் "லீவுன்னா லீவு"ன்னுட்டு சீனியர் டீமை வீட்டுக்கு அனுப்பிட்டு தானும் வரலை. சின்னப் பசங்க சராசரி 19 வயசுல எறங்கி 1-0-னு ஜெயிச்சாங்க, அதுவும் ஒரு சேம் சைடு கோல்ல (இந்தக் கதை பூரா சேம் சைடுதான்). அப்ப க்ளாப்பை நான் திட்டாத திட்டு இல்ல. இப்ப யோசிச்சா, அப்ரூவ் ஆன லீவுல மீட்டிங் வெச்சா நான் போவேனா? போவேன். அதான் பிரச்சினையே. அவர் போகலை.

அடுத்து கொரோனாவால ஒரு வருஷம் லீவு இல்ல. அப்புறம் கொஞ்ச நாள் இருந்துச்சு. 2024-25 சீசன்ல இருந்து ஒரேயடியா தூக்கிட்டாங்க. கூடவே எஃப்ஏ கப்போட மறு ஆட்டங்களையும் தூக்கிட்டாங்க. பெரிய கிளப் கூட டிரா பண்ணி, மறு ஆட்டத்துல வர்ற காசுல வருஷத்தை ஓட்டலாம்னு இருந்த சின்ன கிளப்புங்க வயித்துல அடி. அதே வருஷம் ஐரோப்பியக் கோப்பைகள்ல மேட்ச் எண்ணிக்கை ஏறிப்போச்சு. பண்டிகை நேரத்து ரவுண்டுகளுக்கு நடுவுல 60 மணி நேரமாவது இடைவெளி இருக்கும்னு சமாதானம் சொன்னாங்க. மூணு நாள் கூட இல்ல, ரெண்டரை நாள்!

உச்சகட்ட காமெடி 2025-ல. பாக்ஸிங் டே அன்னிக்கு பிரீமியர் லீக்ல ஒரே ஒரு மேட்ச். மான்செஸ்டர் யுனைடெட், நியூகாசில், அவ்ளோதான். ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துப் போனதால வார இறுதிகள் பத்தலை, அதான் இப்படின்னு விளக்கம் வந்துச்சு. லீவும் போச்சு, பாக்ஸிங் டேயும் போச்சு. பாரம்பரியத்தைக் காப்பாத்தணும்னு லீவை எதிர்த்த என்னை மாதிரி ஆளுங்க மொகத்துல ஒரு டன் கரி. பாரம்பரியத்தைத் தின்னது லீவு இல்ல, காசுக்காக சேத்த மேட்சுங்க.

இப்ப நான் என்ன சொல்றேன்னா, பெரியவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்றேன். பாக்ஸிங் டேயை விட்டுடு, புது வருஷ மேட்சும் ஆடிக்கோ. ஜனவரில மூணாவது ரவுண்டு கப் மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு வாரம் மொத்தமா சாத்து. அந்த ரெண்டு வாரத்துல வெளிநாட்டுல போய் காசுக்கு காட்சி மேட்ச் ஆடினா பாயின்டைப் புடுங்கு. ஜெர்மனியால முடியுதுன்னா அங்க 18 டீம், 34 மேட்ச், ஒரே கப். இங்க 20 டீம், 38 மேட்ச், ரெண்டு கப். லீக் கப் அரையிறுதியை ரெண்டு தடவ ஆடறதுக்கு என்ன வேண்டுதலோ! அதுல ஒண்ணைக் குறைச்சாலே ஒரு வாரத்துக்கு எடம் கெடைக்கும். ஜப்பான்ல கூட 2026 ஆகஸ்டுல இருந்து இலையுதிர்காலத்துல ஆரம்பிக்கற சீசனுக்கு மாறறதுன்னு முடிவெடுத்தப்போ, டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் லீவை மொதல்ல குறிச்சுட்டுத்தான் மீதி அட்டவணையைப் போட்டாங்க.

போன பாக்ஸிங் டேக்கு பெரியவர் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவர் டீம் இப்ப ரெண்டாவது டிவிஷன்ல இருக்கு, அங்க அன்னிக்கு வழக்கம் போல மேட்ச் எல்லாம் நடந்துச்சு. கீழ எறங்கினதுல ஒரே லாபம் இதுதான், எங்க பாக்ஸிங் டேயை எவனும் தொடலைன்னு எழுதியிருந்தார். இந்தத் தடவ மகனும் வந்தானாம்.

நான் அதை சென்னைல, ஆஃபீஸ்ல உக்காந்து படிச்சேன். ஃப்ரீஸ் டூட்டி இந்த வருஷமும் எனக்குத்தான். ஆனா ரோஸ்டர்ல பேர் போடறதுக்கு முன்னாடியே ஜனவரி 14-ல இருந்து ஒரு வாரத்துக்கு லீவு அப்ளை பண்ணி, காரணம்ங்கற எடத்துல 'பொங்கல்'னு மட்டும் எழுதினேன். டேமேஜர் கூப்ட்டு "ரிலீஸ் இருக்கே?"ன்னார். "தெரியும் சார்"னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தார்.