ஓட்டுநர் இருக்கையில் யார்?

"அண்ணே, ஊரில் இவ்வளவு பிரச்சினை இருக்கும்போது அமெரிக்க டிரெய்லர் லாரி பொம்மைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, இது தேவையா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பொம்மை லாரி எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு பாடம், வேலைவாய்ப்பில் சாதி எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 25இல் ஒரு பங்கு அளவில் லாரியைச் செய்வது. நிஜத்தில் 40 அடி நீளமுள்ள டிரெய்லர் என் மேசையில் 49 சென்டிமீட்டர். ஐந்தடி பத்தங்குல மனிதர் ஏழு சென்டிமீட்டர். 1967 முதல் 1987 வரை வந்த பீட்டர்பில்ட் 359 போன்ற பழைய வண்டிகளுக்கு ஏஎம்டி நிறுவனத்தின் பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் கிடைக்கும். ஆனால் பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினால் இந்த வட்டாரத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட சாலையில் ஓடிய வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். டீசல் டேங்க் எந்தப் பக்கம், பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பி எத்தனை, டிரெய்லருக்குப் போகும் பிரேக் காற்றுக் குழாய் எங்கே மாட்டப்படுகிறது என்று பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

இதில் ஆழமாக இறங்கினால் ஒரு விஷயம் புரியும். லாரியின் உருவத்தை எஞ்சினியர் மட்டும் தீர்மானிப்பதில்லை, சட்டமும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஒரு காலத்தில் வண்டியின் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. முன்பம்பரிலிருந்து டிரெய்லரின் வால் வரை இத்தனை அடிதான் என்று. சரக்கு ஏற்றும் இடம் குறையக்கூடாது என்பதற்காக முன்னால் இழுக்கிற வண்டியின் மூக்கை வெட்டினார்கள். எஞ்சினுக்கு மேலேயே ஓட்டுநரை உட்கார வைத்தார்கள். கென்வொர்த் கே100, பீட்டர்பில்ட் 352 போன்ற மூக்கில்லாத வண்டிகள் சாலையை நிறைத்தது அப்படித்தான். 1982இல் ஒன்றிய அளவில் வந்த சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீள வரம்பை எடுத்துவிட்டு டிரெய்லர் நீளத்தை மட்டும் கணக்கில் கொண்டது. மெல்ல மெல்ல மூக்கு திரும்பி வந்தது. மாடல் செய்பவர்களுக்கு இது பாலபாடம்.

சட்டமும் வழக்கமும் இரும்பையே வளைக்கும் என்றால், அந்த இருக்கையில் யார் உட்காரலாம் என்பதை விட்டுவைத்திருக்குமா? இதைத் தேடித்தான் 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் போய் நின்றேன். டைம்-டி.சி. என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் மீதும், டீம்ஸ்டர்ஸ் என்ற ஓட்டுநர் சங்கத்தின் மீதும் அந்நாட்டு அரசே தொடுத்த வழக்கு.

1971 மார்ச் 31 கணக்குப்படி அந்த நிறுவனத்தில் 6,472 பேர் வேலை பார்த்தார்கள். கறுப்பினத்தவர் 314 பேர். ஸ்பானியப் பெயர் கொண்டவர்கள் 257 பேர். நெடுந்தூரம் ஓட்டும் லைன் டிரைவர்கள் மட்டும் 1,828 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் 8, ஸ்பானியப் பெயர் கொண்டவர்கள் 5. அந்த எட்டுப் பேரும் வழக்கு தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டவர்கள். 1969க்கு முன் அந்த நிறுவனத்திலும் அதன் முந்தைய நிறுவனங்களிலும் நிரந்தரமாக லைன் ஓட்டிய கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். 1950 முதல் 1959 வரை சிகாகோ டெர்மினலில் இருந்தவர்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? உள்ளூர் வண்டி ஓட்டினார்கள், சரக்கு ஏற்றி இறக்கினார்கள், வண்டிகளைப் பராமரித்தார்கள். சம்பளம் குறைந்த இந்த நகரப் பணிகளிலும் சர்வீஸ் பணிகளிலும் இருந்தவர்கள், கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 83 பேர். சிறுபான்மையினர் அல்லாதவர்களில் 39 பேர்தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ளூர் வண்டி ஓட்டிய ஒரு கறுப்பினத்தவர், வெள்ளையர் ஒருவருக்கு லைன் வேலை கிடைத்ததைக் கேள்விப்பட்டு 1968இல் தானும் கேட்டிருக்கிறார். வழியில் பலதரப்பட்ட ஆட்களோடு பிரச்சினை வரும், நிறுவனம் இன்னும் அதற்குத் தயாராகவில்லை, கொஞ்சம் பொறு என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். டென்வரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு சிகானோ தொழிலாளிக்கு, நீ சிகானோ, எங்களிடம் சிகானோ டிரைவரே கிடையாது என்று பதில் வந்திருக்கிறது. இரண்டும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. "கொஞ்சம் பொறு" என்ற சொல் எந்த ஊரில் பேசப்பட்டாலும் நமக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது, தோழர்களே.

இதோடு இன்னொரு பூட்டும் இருந்தது. அது பணிமூப்பு. லைன் டிரைவர்களுக்குத் தனிப் பட்டியல், உள்ளூர்க்காரர்களுக்குத் தனிப் பட்டியல். பத்து வருடம் உள்ளூரில் ஓட்டியவர் லைனுக்கு மாறினால் பட்டியலின் அடியில் புதியவராகச் சேர வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போவது அவர்தான். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வர வேண்டுமென்றால் உன் பத்து வருட உழைப்பை வாசலில் விட்டுவிட்டு வா என்று சொல்வது போல.

நிறுவனம் புள்ளிவிவரக் கணக்கில் குறை கண்டுபிடித்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்த நுணுக்கக் கணக்காலும் மறைக்க முடியாத, அசைக்க முடியாத பூஜ்யம் ஒன்று எதிரே நிற்கிறது என்றது. விண்ணப்பமே போடாதவர்களுக்கும் ஒரு வழி திறந்தது. வெள்ளையர் மட்டும் என்று பலகை தொங்கும் வாசலில், பலகையை மீறி உள்ளே போன சிலர் மட்டும்தான் பாதிக்கப்பட்டவர்களா என்ற கேள்வியை எழுப்பியது. பாகுபாடு இல்லாதிருந்தால் விண்ணப்பித்திருப்பேன் என்று நிரூபிப்பவருக்கும் நிவாரணம் உண்டு என்றது. ஆனால் அதே தீர்ப்பு பணிமூப்பு முறை செல்லும் என்றும் சொல்லிவிட்டது. 1964 குடிமை உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, இழந்த மூப்பு திரும்பக் கிடைக்கவில்லை. நீதிபதி தர்குட் மார்ஷல் இந்தப் பகுதியில் மாறுபட்டார், பிரென்னன் அவரோடு சேர்ந்தார். வெற்றியும் தோல்வியும் ஒரே காகிதத்தில்.

இப்போது நம் பக்கம் வருவோம். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாகப் பிரிப்பது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் நமக்குக் காட்டிச் சென்றார். அமெரிக்காவின் நிறவெறியும் இங்குள்ள சாதியும் ஒன்றல்ல. ஆனால் கணக்கு போடும் முறை ஒன்றுதான். ஒரு பக்கம் பூஜ்யம் இருந்தால் இன்னொரு பக்கம் கூட்டம் குவிந்திருக்கும். 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. கையால் மலம் அள்ளுவோரில் சாதி விவரம் தெரிந்தவர்கள் 43,797 பேர். அவர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97. இந்தக் குவியலுக்கு எதிரே, ஒதுக்கீட்டு இடங்களுக்கு நேர்காணல் நடத்திவிட்டு "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று எழுதி மூடப்படும் கோப்புகளை வைத்துப் பாருங்கள்.

என் மேசையில் இப்போது 1967ஆம் ஆண்டின் சரக்கு டெர்மினல் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. நீண்ட டிரெய்லர், ஒரு உள்ளூர் வண்டி, சரக்கு மேடை, ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் ஆறு மனிதர்கள். லைன் வண்டியின் இருக்கையில் ஒரு கறுப்பினத்தவரை உட்கார வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. பார்க்க அழகாக இருக்கும், மனதுக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அப்படி வைத்தால் டைம்-டி.சி. போன்ற நிறுவனத்தை நான் காப்பாற்றியதாக ஆகிவிடும். கொடுக்காத வேலையைக் கொடுத்ததாகக் காட்டுவது யாருக்கு லாபம்? பொதுவாக மாடல்களில் கேபின் காலியாகவே இருக்கும். அதுவும் ஒரு மறைப்புதான். காலி இருக்கை யாருக்கும் பொது என்ற தோற்றத்தைத் தந்துவிடும்.

அதனால் லைன் வண்டியில் வெள்ளை ஓட்டுநரை வைத்திருக்கிறேன். மேடையில் பெட்டி தூக்குகிறவர்களும் உள்ளூர் வண்டியில் இருப்பவரும் கறுப்பின, சிகானோ தொழிலாளர்கள். பார்க்கிறவர் முதலில் லாரியைத்தான் பார்ப்பார். பிறகு யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். திருகாணிவரை சரியாக இருந்து, மனிதர்களின் இடம் தவறாக இருந்தால் அதை வரலாற்றுத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் லாரி செய்ய வேண்டாம். உங்கள் கல்லூரியை, நீங்கள் வேலைக்குப் போகும் அலுவலகத்தை ஒரு மாடல் போல மேலிருந்து பாருங்கள். துறைத்தலைவர் நாற்காலியில் யார், கழிப்பறையைக் கழுவுகிறவர் யார், ஒப்பந்தத்தில் இருப்பவர் யார், நிரந்தரம் யார் என்று பதவி வாரியாக எழுதுங்கள். அரசு நிறுவனமாக இருந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எண்ணிக்கையைக் கேளுங்கள். மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். டைம்-டி.சி.யும் மொத்தத்தில் 314 பேரைக் காட்டியது. எந்த இருக்கையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பூஜ்யம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நம் வேலை தொடங்குகிறது.

ஜெய் பீம்.