இடம்பெயராத இரசிகர்

ஆண்டின் இறுதி மாதங்களில் கேமரன் மலையில் மழை எளிதில் ஓய்வதில்லை. திரிங்காப் சிற்றூரின் முட்டைக்கோசுப் பாத்திகளும், செடிகளுக்கு மேலே கட்டிய பிளாஸ்டிக் கூரைகளும் பனிமூட்டத்துள் மறைந்து கிடக்கும். காய்கறி ஏற்றிய லாரிகள் விளக்கெரிய மெல்ல ஊர்ந்து செல்லும். அத்தகைய காலைப் பொழுதில், கடைத்தெருவின் சீனர் காப்பிக் கடையொன்றில், கம்பளிக் குல்லாய் அணிந்த பெரியவர் ஒருவர் தடித்த குறிப்பேடு ஒன்றை விரித்து வைத்து அமர்ந்திருப்பதைக் காணலாம். அறியாதவர் அவரை வட்டிக்குக் கொடுப்பவர் என்று எண்ணக்கூடும். அறிந்தவரோ, "பெரியவர் பெரட்டு எடுக்கிறார்" என்று கூறிச் சிரிப்பர்.

பெரட்டு என்பது தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டாத சொல். விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னின்னாருக்கு இன்னின்ன வேலை என்று பிரித்து அனுப்பும் வழக்கம் அது. பெரியவர் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்தவர். பிற்பாதியில் மண்டோராக இருந்து கொழுந்துக் கூடைகளை நிறுத்துக் கணக்கெழுதியவர். அந்தக் கை 1989 முதல் வேறொரு கணக்கையும் எழுதி வருகிறது. அது காற்பந்து ஆட்டக்காரர்களின் போக்குவரவுக் கணக்கு.

ஆட்டம் நடைபெறும் மாதங்களில் அவர் மற்ற இரசிகர்களைப் போன்றவரே. பகாங் வென்றால் கடையில் இருப்போர் அனைவருக்கும் தேநீர் வாங்கித் தருவார். தோற்றால் நடுவரின் கண்பார்வையைப் பற்றிப் பேசுவார். ஆட்டப் பருவம் முடிந்து திடல்களில் ஆளரவம் அடங்கும் போதுதான் அவருடைய பருவம் தொடங்குகிறது. எவர் ஒப்பந்தம் முடிந்தது, எவர் எந்த மாநிலத்துக்குப் போகிறார், எந்த நாட்டிலிருந்து எவர் வருகிறார் என்னும் செய்திகளை நாளிதழ்களிலிருந்து பொறுக்குவார். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். இடப்புறம் 'வந்தவர்', வலப்புறம் 'சென்றவர்'.

நீண்ட ஆராய்ச்சியின் பயனாக அவர் ஆட்டக்காரர்களை மூன்று வகையாகப் பிரித்துள்ளார். முதல் வகையினர் தேயிலைச் செடிகள். ஒரே மண்ணில் வேரூன்றி ஆண்டாண்டுக் காலம் பலன் தருபவர்கள். இரண்டாம் வகையினர் காய்கறிகள். ஒரு போகம் விளைந்து சந்தைக்குச் செல்பவர்கள். மூன்றாம் வகையினர் உல்லாசப் பயணிகள். வந்து, குளிருகிறது என்று சொல்லி, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர்கள். பெருந்தொகை கொடுத்து அழைத்து வரப்பட்டு ஒரு கோலும் அடிக்காமல் விமானம் ஏறிய வெளிநாட்டவர் சிலரின் பெயர்கள் இம்மூன்றாம் வகையில் இடம்பெற்றுள்ளன.

ஏட்டின் முதற்பக்கம் சற்று வேறானது. அதில் 'சென்றவர்' பத்தியில் ஒரே ஒரு பெயர் உள்ளது: ஆர். ஆறுமுகம். அவர் பகாங்கின் ஆட்டக்காரர் அல்லர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக நின்றவர். நீண்ட கைகளால் பந்தைப் பிடிக்கும் திறத்துக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பாராட்டப்பட்டவர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் மறைந்தார். தோட்டத்து வானொலிப் பெட்டிகளில் அவர் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர் பெரியவர். அணி எதுவாயினும் அப்பெயரை எழுதாமல் அவரால் ஏட்டைத் தொடங்க இயலவில்லை.

ஆறுமுகத்தின் காலத்தில் இத்தகைய ஏட்டுக்குப் பெரிய தேவை இருந்ததில்லை. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் பெயரால் தொடங்கிய கிண்ணப் போட்டி, பின்னர் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்று, மாநிலங்களின் மானப் பிரச்சினையாகவே வளர்ந்தது. ஆட்டக்காரர்கள் பகலில் அலுவலகங்களில் வேலை பார்த்து, மாலையில் பயிற்சி செய்தனர். 1983-இல் பகாங் சிலாங்கூரை 3–2 என்று வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1989-இல் அரைத் தொழில்முறைப் போட்டி தொடங்கியதும் வெளிநாட்டவர் வரத் தொடங்கினர். உள்நாட்டவரும் ஊர் மாறினர். பெரியவரும் ஏடு வாங்கினார்.

அந்த ஏட்டில் மிகப் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்ட பெயர் ஃபாண்டி அகமது. நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்காக ஐரோப்பிய மண்ணில் ஆடிய சிங்கப்பூர் வீரர். அவர் பகாங் சீருடையில் ஆடிய 1992-இல் லீக் பட்டமும் மலேசியக் கிண்ணமும் ஒருங்கே பகாங்கை வந்தடைந்தன. பெரியவர் அவரைச் 'செடிகள்' வகையில் சேர்த்தார். ஆராய்ச்சியாளர்களுக்கும் பிழை நேர்வதுண்டு.

1994 டிசம்பர் 17, ஷா ஆலம் விளையாட்டரங்கம். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பகாங்கை எதிர்த்து நின்றது சிங்கப்பூர். அதன் தலைவர் அதே ஃபாண்டி. அப்பாஸ் சாட் மூன்று கோல்கள் அடித்தார். ஃபாண்டி ஒன்று அடித்தார். பகாங் 4–0 என்று வீழ்ந்தது. அன்றிரவு பெரியவரின் வீட்டில் தொலைபேசி மணி ஒலித்தது. பேசியவர் அவருடைய மூத்த மகன். தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, முந்திய ஆண்டுதான் சிங்கப்பூருக்கு வேலை தேடிச் சென்றவர்.

"அப்பா, பாத்தீங்களா? நாங்க ஜெயிச்சிட்டோம்!"

பெரியவர் மறுமொழி கூறாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். தோல்வி அவரை வருத்தவில்லை. 'நாங்க' என்ற சொல்லே வருத்தியது. ஏட்டை எடுத்து, ஃபாண்டியின் பெயருக்குக் கீழே, 'சென்றவர்' பத்தியில், மகனின் பெயரையும் எழுதினார். ஒரு மாதம் வரை அப்பனும் மகனும் பேசவில்லை.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டா என்பது எண்ணத்தக்கது. தோட்டத்து வரலாறே இடம்பெயர்ந்தோரின் வரலாறு அன்றோ? கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல் பெரியவர். அக்காலத்தில் ஒரு தோட்டத்து ஆளை மற்றொரு தோட்டத்தார் ஆசை காட்டி இழுத்துக்கொள்வதும், அதன் பொருட்டுத் துரைமார்கள் பூசலிடுவதும் வழக்கமாக இருந்தன. இன்று ஆட்டக்காரரின் முகவர் செய்யும் வேலையை அன்று கங்காணி செய்தார் எனலாம். வேறுபாடு ஒன்றே: ஆட்டக்காரருக்கு ஒப்பந்தத் தொகை கிடைக்கிறது; கூலியாளுக்குக் கடன்தான் கிடைத்தது.

இதனைப் பெரியவருக்கு உணர்த்தியவர் அவருடைய மனைவியார். தைப்பொங்கலன்று மகன் பெட்டியுடன் வாயிலில் வந்து நின்றபோது, பெரியவர் நாளிதழிலிருந்து தலையெடுக்கவில்லை.

"என்னங்க, உங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினப்போ யாராவது இப்படி நோட்டுல பேர் எழுதிக் கோடு போட்டாங்களா?" என்று அம்மையார் கேட்டார்.

பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு ஏட்டைக் கொண்டு வரச் சொல்லி, 'வந்தவர்' பத்தியில் மகனின் பெயரை எழுதி, அருகே 'மூன்று நாள், இரவலாக' என்று குறித்தார். அதன் பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பதிவு தவறாமல் தொடர்ந்தது. ஃபாண்டியின் பெயர் மீதிருந்த கோட்டையும் அழித்துவிட்டார். 'பிறந்த ஊருக்குப் போனவனைக் குறை சொல்லக் கூடாது' என்பது அவர் கூறிய விளக்கம்.

இத்தகைய ஏக்கம் ஒரு மலையூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் குளிர்காலத்தில் ஓய்ந்ததும், இரசிகர்கள் கணப்படுப்பைச் சுற்றியமர்ந்து எவரை விற்றனர், எவரை வாங்கினர் என்று பேசுவது பழைய வழக்கம்; அதனை 'சூடான அடுப்பு' லீக் என்றே அழைப்பர். 1919-இன் இறுதியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றது. 1918-இல் வாகை சூடியிருந்த பாஸ்டன் மீண்டும் வாகை சூடியது 2004-இல்தான். எண்பத்தாறு ஆண்டுகள்! பாட்டன் தொடங்கிய காத்திருப்பைப் பேரன் முடித்து வைத்தான். ஆட்டக்காரர்கள் மாறினர், இரசிகர்கள் மாறவில்லை. இதனைப் பேரன் படித்துச் சொன்னபோது, "பாஸ்டன்காரங்க நம்ம ஆளுங்கதான்" என்றார் பெரியவர்.

திரும்பி வருபவர்களும் உண்டு. ஒரு காலத்தில் பகாங்குக்கு ஆடிய டோலா சாலே பயிற்றுநராக வந்து 2013-இல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். மறு ஆண்டும் கிண்ணம் பகாங்குக்கே கிடைத்தது. அந்த இரண்டு பக்கங்களும் ஏட்டில் மிகுதியாகப் புரட்டப்பட்டு ஓரம் கிழிந்துள்ளன.

ஆனால், பெரியவரின் வகைப்பாட்டில் அடங்காத ஒரு நிகழ்ச்சி 2025-இல் நடந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஸ்ரீ பகாங் என்னும் பெயரில் அவ்வணி மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை சென்று ஜொகூரிடம் தோற்றது. அதன் பின் வந்த செய்தி, அடுத்த பருவத்தின் சூப்பர் லீக்கிலிருந்து அணியே விலகுகிறது என்பது. இதுவரை ஆட்டக்காரர் போனார்கள்; இப்போது அணியே போய்விட்டது. அவ்வாண்டின் பக்கத்தில் 'சென்றவர்' பத்தி நிரம்பி மறுபக்கத்துக்கும் வழிந்தது. 'வந்தவர்' பத்தி வெண்மையாக இருந்தது.

காப்பிக் கடைத் தவுக்கே ஆறுதல் கூற முயன்றார். திரிங்காப்பிலிருந்து குவாந்தான் எங்கோ கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. சிம்பாங் புலாய்ச் சாலையில் இறங்கினால் ஈப்போ வந்துவிடும். பேசாமல் பேராவை ஆதரிக்கலாமே என்றார். பேரா அணியும் அதே ஆண்டு விலகிவிட்டதைப் பெரியவர் நினைவூட்டவே, தவுக்கே வாய்மூடி, ஒரு தேநீரைக் காசு வாங்காமல் வைத்துவிட்டுப் போனார்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பேரன் வந்திருந்தான். தாத்தா அப்போதும் நாளிதழை விரித்து எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டான். விலகிய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் இப்போது எங்கே ஆடுகிறார் என்று தேடி, பெயருக்கு எதிரே ஊரைக் குறித்துக்கொண்டிருந்தார். சில பெயர்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"டீமே இல்லையே தாத்தா. அப்புறம் எதுக்கு நோட்டு?"

"ஆளுங்க இருக்காங்களே, தம்பி. சம்பளம் கெடைக்கிற எடத்துல இருக்காங்களான்னு பாக்கணும் இல்ல?"

"பகாங் திரும்ப வருமா?"

பெரியவர் உடனே விடை கூறவில்லை. சன்னலுக்கு வெளியே பனி சற்று விலகியிருந்தது. பிறகு கேட்டார்: "கவாத்து வெட்டின தேயிலைச் செடிய நீ பாத்திருக்கியா?"

பேரன் பார்த்ததில்லை. இலையெல்லாம் கழித்து, குச்சிகளாக நிற்கும்படி செடியை வெட்டிவிடுவார்கள்; புதியவர்கள் அதனைப் பட்டுப்போன செடி என்றே நினைப்பார்கள்; பெரட்டில் பெயர் கொடுத்தவர்கள் நினைக்கமாட்டார்கள் என்று தாத்தா விளக்கினார். ஆயினும், எல்லாச் செடியும் துளிர்ப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிறகு ஏட்டில் ஒரு புதிய பக்கத்தைப் புரட்டி, அளவுகோல் வைத்து நடுவே ஒரு கோடு இழுத்தார். மேலே '2026' என்றும் 'பகாங்' என்றும் எழுதினார். இடப்புறம் 'வந்தவர்' என்று எழுதி, எழுதுகோலைப் பேரனிடம் நீட்டினார்.

"மொதல்ல உன் பேரை எழுது. மூணு வாரம், இரவலா."