ஏரிக்குப் போகும் பஸ்

(பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

ராயபுரத்தில் உள்ள நம் பள்ளிக்கு நான் நாள்தோறும் காட்டுப்பள்ளியிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் தோழியர் சிலர் வியப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். "அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா? துறைமுகம்தானே இருக்கிறது?" என்று கேட்டவர்களும் உண்டு. எங்கள் ஊருக்குக் கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே எண்ணூர்க் கழிமுகம். இவற்றுக்கு நடுவே துறைமுகங்களும், கடல்நீரைக் குடிநீராக்க 2010ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையமும், ஓயாது ஓடும் கண்டெய்னர் லாரிகளும் உள்ளன. அவற்றோடு நாங்களும் இருக்கிறோம்.

காலையில் இருட்டோடு எழுந்து, பஸ் ஏறி மீஞ்சூர் வந்து, அங்கே மின்சார ரயிலைப் பிடித்து ராயபுரத்தில் இறங்குவது என் அன்றாட வேலை. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் அது என்று வரலாற்று ஆசிரியை பெருமையுடன் கூறுவார்கள். நெரிசலில் புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கும் எனக்கு அந்தப் பெருமை ஒருநாளும் தோன்றியதில்லை. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது, "இந்தப் பயணந்தான் காரணம்" என்று முடிவு கட்டினேன். வேறு பள்ளிக்குப் போக மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்று தலைமைச் சகோதரிக்கு ஒரு கடிதமும் எழுதிப் புவியியல் நோட்டுக்குள் வைத்திருந்தேன். அப்பாவிடம் கையொப்பம் வாங்குவதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஆயா ஒரு செய்தி சொன்னார். கண் அறுவை நல்லபடியாக முடிந்தால் பழவேற்காடு மகிமை மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றுவதாக அவர் நேர்ந்திருந்தார். ஆயா பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஒரு சிறிய குப்பத்தில். காட்டுப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

மாமா உடனே, "நான் காரில் கூட்டிப் போகிறேன்" என்றார். ஆயா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"போன வருசம் உன் காருலதான் போனோம் தம்பி. கண்ணாடியெ ஏத்திக்கினு போனோம், வறுத்த எறாலு வாங்கினோம், வந்துட்டோம். ஏரி எங்க இருந்துச்சின்னே எனக்குத் தெரியல. இந்தத் தடவை பஸ்ஸுலதான் போவேன்."

எனக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. வாரம் ஆறு நாள் பஸ்ஸும் ரயிலும் போதாதென்று ஓய்வு நாளிலும் அதுவேயா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எனினும் ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆயா, அம்மா, நான் மூவரும் புறப்பட்டோம்.

மீஞ்சூர் நிலையத்தில் நாள்தோறும் நான் நிற்பது சென்னை செல்லும் நடைமேடையில். அன்றுதான் முதன்முறையாக எதிர்ப்புற நடைமேடையில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றேன். நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் என் வயதுப் பெண்கள் பையோடு நிற்பதைப் பார்த்தபோது, என்னையே யாரோ தொலைவிலிருந்து காட்டுவது போல இருந்தது. வண்டி வந்தது. அனுப்பம்பட்டைத் தாண்டினால் பொன்னேரி. பயணம் என்று சொல்லும் முன்பே இறங்கிவிட்டோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பஸ் நிலையம்.

பழவேற்காடு பஸ்ஸில் நல்ல கூட்டம். 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற திட்டம் தொடங்கியது அல்லவா? நாங்கள் ஏறியதும் அத்தகைய பஸ்தான். காலையிலேயே மீன் விற்று முடித்த பெண்கள் காலிக் கூடைகளோடு ஏறினார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்ததைக் கவனித்தேன். சிலர் உட்கார்ந்து வருவார்கள். பாதி வழியில் ஒன்றும் பேசாமல் எழுந்து, நின்றுகொண்டிருந்தவர்களுக்கு இடம் கொடுப்பார்கள். யாரும் கேட்கவுமில்லை, யாரும் நன்றி சொல்லவுமில்லை.

"இதுவும் பாடுதான்" என்று ஆயா சிரித்தார்.

பாடு என்றால் என்ன என்று கேட்டேன். பழவேற்காட்டு ஏரியில் தொன்றுதொட்டு வரும் முறையாம் அது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதை மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே என்றும் சொந்தமாவதில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காத இந்தச் செய்தியைத் திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் அறிந்துகொண்டேன்.

ஆயாவின் பக்கத்தில் அமர்ந்த மீன்காரப் பாட்டி, அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊர்ப் பெயரைக் கேட்டார். தந்தையின் பெயரைக் கேட்டார். பிறகு ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்களாம்! அதன்பின் அந்த பஸ்ஸில் எங்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. அத்தனை பேச்சு! யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் வீட்டை 2004ஆம் ஆண்டுச் சுனாமி கொண்டு போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இருவரும் சிரித்தார்கள், கண்ணீரும் விட்டார்கள். காரில் போயிருந்தால் ஆயாவுக்கு இந்தத் தோழி கிடைத்திருப்பாரா?

ஆண்டார்மடத்துக்கு அப்பால் வயல்கள் குறைந்து, உப்புக் காற்று முகத்தில் வீசியது. சற்று நேரத்தில் நீர்ப்பரப்பு தெரிந்தது. தோழியரே, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் மடவை மீனும் இறாலும் சேற்று நண்டும் செழிக்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் மீன்வளம் குன்றி, மீனவர் வயிறும் வாடுகிறது.

முதலில் மகிமை மாதா ஆலயத்துக்குச் சென்றோம். போர்த்துக்கீசியர் 1515ஆம் ஆண்டில் இங்கே ஆலயம் எழுப்பியதாக வரலாறு கூறுகிறது. ஆயா மெழுகுத்திரியை ஏற்றி, நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். "என்ன வேண்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். "பார்க்கறதுக்குக் கண்ணைக் குடுத்த. பார்க்கறதுக்குப் பொறுமையும் குடுன்னேன்" என்றார்.

பின்னர் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் கண்டோம். வாயிலின் இருபுறமும் கல்லில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் 1613ஆம் ஆண்டில் கட்டிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. இங்கிருந்து சாயத் துணிகள் கடல் கடந்து போயின. துணிகள் மட்டுமா? வறுமையில் விலைபோன நம் மக்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை எண்ணியபோது நெஞ்சு கனத்தது. மனிதன் கட்டியது புதராகிவிட்டது. இறைவன் கொடுத்த ஏரி இன்னமும் சோறு போடுகிறது.

பிற்பகலில் படகுத்துறையின் ஓரத்தில் அமர்ந்தோம். தொலைவில், வானமும் நீரும் சேரும் இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. "பூநாரை" என்றார் ஆயா. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரைச் சலித்து, நுண்ணிய உயிர்களை உண்ணும் பறவை அது. அந்த உணவே அதன் சிறகுக்கு நிறத்தைத் தருகிறது. அறுவை செய்த கண்ணால் என் ஆயா அதைக் காண்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகில் ஏற எனக்கு ஆசை. அம்மா கண்டிப்பாக மறுத்தார். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று இவ்வேரியில் உல்லாசமாகப் படகில் சென்ற குடும்பத்தினர், படகு கவிழ்ந்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களுக்காக ஒரு மன்றாட்டைச் சொல்லிவிட்டுக் கரையிலேயே இருந்தோம்.

அப்போது பொன்னேரியிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. சீருடை அணிந்த ஐந்தாறு பெண்கள் குதித்து இறங்கிப் படகுத்துறையை நோக்கி ஓடி வந்தார்கள். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்து வருகிறார்களாம். ஆயா ஒருத்தியை நிறுத்தி, "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டார். அவள் சொன்ன பெயரைக் கேட்டதும் ஆயாவின் முகம் மாறியது. அது அவர் பிறந்த குப்பம்.

"தினமும் படகுல வந்து, பஸ்ஸு ஏறிப் போறியா?"

"ஆமாம் பாட்டி. காத்து அடிச்சா மட்டும் லீவு. படகு போயிடும், வர்றேன் பாட்டி!" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

படகு புறப்பட்டுச் சிறிதாகும்வரை ஆயா ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். "அஞ்சாவது முடிச்சப்ப வாத்தியாரு எங்க அப்பாகிட்ட வந்து, இவளை மேல படிக்க வைய்யின்னாரு. படகேறி, பஸ்ஸேறி, பொம்பளப் புள்ளைய யாரு அனுப்புவான்னு அப்பா சொல்லிட்டாரு. இப்பப் பாரு, என் ஊருப் புள்ளைங்க போவுது."

என் புவியியல் நோட்டில் இருக்கும் கடிதம் நினைவுக்கு வந்தது. வெட்கத்தால் தலை குனிந்தேன். எந்தப் பயணம் கிடைக்காமல் ஆயாவின் படிப்பு நின்றதோ, அதே பயணத்தைத்தான் நான் சுமை என்று எழுதி வைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் ஆயா பழைய கதை ஒன்றும் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது பழவேற்காட்டிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்னைப்பட்டினம்வரை செல்லுமாம். அவற்றில் ஆட்களும் தொற்றிக்கொண்டு போவார்களாம். 1806ஆம் ஆண்டில் எண்ணூர்வரை வெட்டப்பட்ட அக்கால்வாய் பிறகு இந்த ஏரியோடு சேர்க்கப்பட்டது. 1965–66ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் அந்தப் போக்குவரத்து நின்றே போயிற்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயும் இந்த ஏரியும் ஒரே நீர்வழி என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நாங்கள் தொலைவில் ஒரு சுற்றுலாத் தலத்துக்குப் போகவில்லை. எங்கள் வீட்டின் மறுகோடிக்குத்தான் போய் வந்தோம்.

ஆங்கில ஆசிரியை வகுப்பில் கூறிய ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் வாழ்ந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், அங்கே ரயில் பாதை வரக்கூடாது என்று 1844ஆம் ஆண்டில் எதிர்த்தார். கூட்டம் வந்தால் அமைதி கெடும் என்பது அவர் கவலை. ஆனாலும் 1847ஆம் ஆண்டில் விண்டர்மியர் ஏரிக்கு ரயில் வந்துவிட்டது. இன்று அப்பகுதிச் சாலைகளை நிறைப்பவை கார்கள்தாம். அந்தப் பெருங்கவிஞர் எங்கள் பழவேற்காடு பஸ்ஸில் மீன்கூடைகளுக்கு நடுவே ஒருமுறை வந்திருந்தால் தம் எண்ணத்தைச் சற்று மாற்றியிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏரியின் அழகு நீரில் மட்டும் இல்லை. அந்த நீரை நம்பி வாழ்பவர்களின் பேச்சிலும் இருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ராயபுரம் வண்டியில் நெரிசல் குறையவில்லை. ஆனால் இப்போதெல்லாம் இடம் கிடைத்து உட்கார்ந்தால், பாதி வழியில், திருவொற்றியூர் வந்ததும் எழுந்து, நின்றுகொண்டு வருபவருக்கு என் இடத்தைக் கொடுத்துவிடுகிறேன். யாரும் கேட்பதில்லை. அதுவரை என் பாடு. அதற்குமேல் அவர்கள் பாடு.