ஒலிக்கு ஓர் அளவு

ஓசையைப் பெரிதாக்குவது எளிது. பெரிதாக்கிய பின்னும் அதன் தெளிவு குன்றாமல் காப்பதே அரிது. கூட்டம், திருமணம், ஊர்வலம் என எங்கும் ஒலிபெருக்கி வந்துவிட்ட இக்காலத்தில் இவ்வேறுபாட்டை நாம் மறந்தே போனோம் எனலாம். பேச்சு காதை நிறைக்கிறது. சொல் மட்டும் விளங்குவதில்லை. மின்கிதார் ஒன்றுக்கு ஆம்ப்ளிபயர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அண்மையில் நம்மீது வந்து சேர்ந்தபோது, இதுபற்றிச் சற்று ஆழ்ந்து எண்ண நேர்ந்தது.

மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் நமக்குக் கிதாரோடு என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். இசைக்கருவிகள் குறித்து ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். அதனை அலசுவதற்கு இது இடமன்று. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறார். ஓவர்டைம் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கிதார் வாங்கியவர், ஆம்ப்ளிபயர் வாங்க நம்மைத் துணைக்கு அழைத்தார்.

"ஹஜ்ரத், தெளிந்த ஒலிதான் எனக்கு வேண்டும். அழுத்தி மீட்டும்போது மட்டும் இலேசாக ஓர் உரசல் இருந்தால் போதும். கடையில் நின்று கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ஸீனையும் ஸாதையும் பிரித்துக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள்தானே?" என்றார்.

அவர் தெளிவை நாடியதற்குக் காரணம் உண்டு. எட்டு மணி நேரமும் இரும்பு இரும்போடு மோதும் முழக்கத்தில் நிற்பவர் அவர். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என நம் நாட்டு விதிகள் எல்லை வகுத்துள்ளன. செவியின் உட்பகுதியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவரோடு பணிபுரியும் மூத்த தொழிலாளி ஒருவருக்கு இப்போது அருகில் நின்று பேசினாலும் கேட்பதில்லையாம். "வீட்டுக்கு வந்தும் இரைச்சலையே கேட்டால், எஞ்சியிருக்கும் காதும் போய்விடும்" என்று அவர் சொன்னபோது, இது வெறும் பொழுதுபோக்குப் பொருள் வாங்கும் வேலையன்று என்பது நமக்கு விளங்கிற்று.

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில், மாதவி யாழ் மீட்டும் இடத்தில், இளங்கோவடிகள் நான்கு குற்றங்களைச் சுட்டுகிறார்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு பொருந்தாத இன்பமற்ற ஓசை செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. மழுங்கி ஒலிப்பது கூடம். சிதறி ஒலிப்பது அதிர்வு என உரையாசிரியர்கள் விளக்குவர். மின்சாரம் அறியாத காலத்தில் யாழுக்குச் சொன்ன இந்நான்கும் இன்றைய ஆம்ப்ளிபயருக்கும் அப்படியே பொருந்துவதை எண்ணி வியந்தோம். இவற்றுள் செம்பகையை எந்தப் பெட்டியும் தீர்க்காது. அது சுருதி கூட்டுவோர் கையில் உள்ளது. ஏனைய மூன்றும் பெட்டியைத் தேர்வதில் அடங்கும்.

கிதாரின் கம்பி அதிரும்போது அதனடியிலுள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னலை எழுகிறது. அதனை வடிவம் மாறாமல் பெரிதாக்கித் தந்தால் அது தெளிந்த ஒலி. பெட்டியின் தாங்கும் ஆற்றலை அலை மிஞ்சினால் அதன் முகடு வெட்டுப்படும். மூலத்தில் இல்லாத ஒலிகள் அதில் வந்து கலக்கும். இதுவே ஓவர்டிரைவ் எனப்படுவது. பழைய வால்வு வகையில் முகடு மெல்ல மெல்ல மழுங்கும். ஆதலால் செவிக்கு இதமாயிருக்கும். டிரான்சிஸ்டர் வகையிலோ எல்லை வரை தெளிவாகச் சென்று, எல்லையில் சட்டென வெட்டுப்பட்டு ஒலி சிதறும்.

இலேசான உரசல் என்பது யாதென நம் வீட்டார்க்கு விளங்கச் சொல்வதாயின், நாகூர் ஹனீபா அவர்களின் குரலை நினைவுகூரலாம். அவர் உச்சத்தில் குரலெடுக்கும்போது ஓரத்தில் ஒரு கம்பீரமான கரகரப்பு ஏறும். ஆயினும் ஒரு சொல்லும் மங்காது. அந்த அளவோடு நிற்பதே நம் மாணவர் விரும்பியது.

இத்தகைய தூய மின்னொலி மேனாட்டார்க்கே உரியதென்று எண்ண வேண்டா. பாலகொல்லுவில் 1969இல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014இல் மறைந்த மாண்டலின் சீனிவாஸ் அவர்கள், எட்டுத் தந்திக் கருவியை ஐந்து தனித்தந்திகளாக மாற்றி, மின்சாரத்தின் துணையோடு கருநாடக இசையை அதில் வாசித்தார். மாண்டலினில் எழும் ஒலி விரைவில் மடியும் இயல்புடையது. மின்பெருக்கம் அந்த ஒலியின் வாலைச் செவிக்கு எட்டச் செய்தமையால்தான் கமகங்கள் குழைந்து வர இயன்றது.

பலர் வாட் கணக்கைக் கண்டு மயங்குகின்றனர். 100 வாட் பெட்டி 10 வாட் பெட்டியைவிடப் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் நம் செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும். எனின் மிகுதியான வாட் எதற்கு? உரக்க ஒலிப்பதற்கன்று, அலை உயரும்போது வெட்டுப்படாதிருக்க மேலே இடம் வேண்டும் என்பதற்கே. தெளிவுக்குப் புகழ்பெற்ற ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 1975இல் வந்தது. 120 வாட், டிரான்சிஸ்டர் வகை. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், 85 வாட், வால்வு வகை. 22 வாட் கொண்ட ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பும், பீட்டில்ஸ் குழுவினர் கையாண்ட 30 வாட் வாக்ஸ் ஏசி 30உம் தெளிவிலிருந்து உரசலுக்கு இனிதாக ஏறுபவை. ஆனால் வால்வுப் பெட்டி அந்த உரசலைத் தர வேண்டுமாயின் ஒலியை நன்கு உயர்த்தியாக வேண்டும். வரிசை வீட்டில் குடியிருப்பவருக்கு அது ஆகுமா? ஒரு சுவருக்கு அப்பால் இரவு ஷிப்டு முடித்தவர் உறங்குகிறார். மறு சுவருக்கு அப்பால் கைக்குழந்தை.

ஆகவே சென்னை அண்ணா சாலைக்குச் சென்று நாங்கள் கேட்டுப் பார்த்தவை பெரும்பாலும் டிரான்சிஸ்டர் வகையே. அவர் தம் கிதாரையே கொண்டு வந்திருந்தார். பிறர் கிதாரில் கேட்டால் தீர்ப்பு மாறிவிடும். வீட்டில் எவ்வளவு உரக்க வாசிப்பாரோ அவ்வளவே வைக்கச் சொன்னோம். ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கிறதா என்று எண்ணினோம். மாணவர் ஓதும்போது எழுத்துகளை எண்ணுவது போலத்தான். பின்னர் ஒரே கம்பியை மீட்டி, ஒலி அடங்கும் வரை காத்திருந்தோம். 8 அங்குல ஸ்பீக்கரில் தடித்த கம்பிகள் பானைக்குள் பேசுவதுபோல் மழுங்கின, அதுவே கூடம். 12 அங்குலத்தில் அவை மூச்சு விட்டன.

உரசலுக்கு வேறு வழி கண்டோம். பெட்டியைத் தெளிவாகவே வைத்து, காலால் மிதிக்கும் சிறிய ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை இடையில் இணைப்பது. அதன் கெயின் திருகைக் கால் பங்குக்குமேல் ஏற்றாவிடில், மெல்ல மீட்டினால் தெளிவும் அழுத்தி மீட்டினால் உரசலும் வரும், ஒலியும் உயராது. அளவு பெட்டியில் இல்லை, விரலில் இருக்கிறது. 822இல் குர்துபா சென்ற ஸிர்யாப், ஊதுக் கருவிக்கு மரக்கோலை விடுத்துக் கழுகின் இறகால் மீட்டியதாக வரலாறு கூறும். தொடும் பொருள் மாறினால் ஒலியின் குணம் மாறும் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு சொல். மோட்டாரும் வெல்டிங்கும் மிகுந்த வட்டாரத்தில் மின்கம்பி வழியே இரைச்சல் ஏறிவரும். மூன்று முள் பிளக்கும் முறையான எர்த்தும் இன்றியமையாதவை. வால்வுப் பெட்டியை நிறுத்திய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் அழுத்தம் தங்கியிருக்கும். பழுது பார்க்க அறிந்தவரன்றி எவரும் அதைத் திறக்கலாகாது.

முடிவில் அவர் வாங்கியது 40 வாட் டிரான்சிஸ்டர் பெட்டி, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பழைய பெடல் ஒன்று. கையில் கொஞ்சம் பணமும் மிஞ்சிற்று. அதில் ஆலையில் அணியக் காதடைப்பு வாங்கிக்கொள்ளும்படி சொன்னோம், வாங்கினார்.

பிள்ளைகளுக்கு இத்தகைய பொருள் வாங்கும் பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. பெட்டியின் உச்சத்தைக் கேட்டு மயங்காதீர்கள். அதன் தாழ்ந்த குரலில் தெளிவு உண்டா என்று கேளுங்கள். வலிமை பின்னே அடங்கி நிற்கும்போதுதான் ஒலி தெளிகிறது. அந்த வலிமை முழுவதையும் ஒருநாளும் கேட்க நேராதிருப்பதே நன்கு தேர்ந்ததற்கு அடையாளம்.