கொல்லைத் தொட்டி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

குளியல் தொட்டி என்றதும் திரைப்படத்து நுரையும் கதாநாயகியும் நண்பர்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. நான் சொல்ல வந்தது அரியலூரை அடுத்த எங்கள் வீட்டுக் கொல்லையிலுள்ள சிமெண்ட் தொட்டியைப் பற்றி. நான் பிறந்த ஆண்டில் அப்பா தம் கையாலேயே கட்டியது. நானும் தங்கையும் அதற்குள் இறங்கி ஆட்டம் போட்டு, அதற்காக அடியும் வாங்கி வளர்ந்தோம்.

சென்ற கோடையில் அது ஒழுகத் தொடங்கியது. மாலையில் நிரப்பினால் விடியலில் பாதித் தொட்டிதான். அம்மா பெரம்பலூரில் பிளாஸ்டிக் தொட்டி விலை விசாரித்து வந்தாள். "ஒரே நாளில் வேலை முடிஞ்சிடும். தண்ணி சுமக்கிறது நான்தானே?" என்றாள். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

அப்பா கொத்தனார். ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பியவருக்கு இப்போது தோள்பட்டை வலி. கை மேலே எழாது. "படிச்ச புள்ள, நீ சொல்லுடா. உடைக்கலாமா, பூசலாமா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் என்னிடம் யோசனை கேட்டதும் அதுவே முதல் தடவை.

எனக்குத் தெரிந்ததை அவிழ்த்து விட்டேன். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் நம் ஊர் ஆலைகள் களிமண்ணுடன் 1450 பாகை செல்சியஸ் வரை சுடுகின்றன...

"கடல்ல கிடந்ததா தொட்டியில ஒழுகுது?" என்று சிரித்த அப்பா, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கொடுத்தார். "தட்டிப் பாரு."

சுவர்கள் ணங்கென்றன. அடித்தளத்து மூலை மட்டும் பொத்தென்றது. "செங்கல் ஆடலை, பூச்சுதான் விட்டிருக்கு. கட்டடமே விட்டிருந்தா உடைக்கத்தான் வேணும்." எந்தப் பாடநூலிலும் நான் காணாத சோதனை!

"அப்போ பூசலாம்பா."

"யாரு பூசறது?"

அங்கேதான் சிக்கல். விடுமுறைக்குக்கூட என்னைச் சித்தாள் வேலைக்கு அழைக்காதவர் அவர். கரண்டியைத் தொட்டால் "பேனா பிடிக்கிற கைடா" என்று பிடுங்கி வைப்பார். அன்றிரவு அவர் பேசவேயில்லை. காலையில் கரண்டியும் மணியாசக்கட்டையும் தொட்டி விளிம்பில் இருந்தன.

அம்மா ஒரு நிபந்தனை விதித்தாள்: பூச்சு இறுகும்வரை தண்ணீர் நான் சுமக்க வேண்டும்.

பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, கழுவி, சிமெண்ட் பால் அடித்து, ஒன்றுக்கு மூன்று கலவையில் கசிவு மருந்து கலந்து பூசினேன். அப்பா கட்டிலில் அமர்ந்து "அழுத்துடா, அழுத்து" என்றபடியே இருந்தார். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே பத்து நாள் சாக்கு போட்டு நனைத்தோம். அந்தப் பத்து நாளும் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தேன். அம்மாவின் இடுப்பைப் பற்றி அதுவரை நான் நினைத்ததே இல்லை.

பதினோராம் நாள் தொட்டியை நிரப்பி, நீர்மட்டத்தில் கரித்துண்டால் கோடு கிழித்தேன். விடிந்து பார்த்தபோது நீர் கோட்டிலேயே நின்றது. அப்பா கோட்டைப் பார்த்தார். பிறகு சிமெண்ட் தின்ற என் விரல்களைப் பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய் தடவு. திங்கட்கிழமை பரீட்சை எழுதணும்ல" என்றார்.