முதலில் மருந்தா, கத்தியா?

ஜூன் 3, செவ்வாய்

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கணவருக்கு ஒரே பேச்சு: "இந்த வாரமே எடுத்துரச் சொல்லுவோம்." மாமியார் கட்சி நேர் எதிர்: "கத்தி பட்டா பரவிரும் தாயி. ஊர்ல எத்தனை பேரைப் பாத்துருக்கேன்." நடுவில், மதுரைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தும் 46 வயது மருமகள். தெருவில் எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'. பெயர் வேண்டாம் என்றதால் இந்தக் குறிப்பிலும் அப்படியே.

இடது மார்பில் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, அக்குளில் ஒரு நெறிக்கட்டு. இரண்டிலும் ஊசி குத்திப் பார்த்ததில் புற்றுநோய் செல்கள்.

மாமியார் பார்த்தது பொய்யல்ல. ஆனால் அந்தப் பெண்களில் பலர் ஏற்கெனவே பரவிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். பழி கத்தியின் மேல் விழுந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

அறுவை மருத்துவர் ஒரு பெண். கட்டியைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனைப் பார்த்து, கடைசியில் சொன்னது யாரும் எதிர்பாராதது. "ஆப்பரேஷன் தேதி இப்பக் குடுக்கப் போறதில்ல. இன்னொரு ரிப்போர்ட் வரணும்."

ஊசியில் எடுத்த அதே சதைத் துணுக்கில் மூன்று சோதனை நடக்கிறது. ஈஸ்ட்ரஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதம். இம்மூன்றின் கூட்டல் கழித்தலில்தான் இது எந்தச் சாதிப் புற்றுநோய் என்பது தெரியும். கட்டி எவ்வளவு பெரிது, நெறிக்கட்டு உண்டா என்பதோடு இந்த விடையையும் சேர்த்துப் பார்த்து, கீமோ முன்னா பின்னா என்பதை மருத்துவர்கள் வியாழக்கிழமைதோறும் கூடி முடிவு செய்கிறார்கள். அறுவை மருத்துவர், மருந்து மருத்துவர், கதிர் மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர் எல்லாரும் ஒரே மேசையில். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே வெட்டிவிட்டு, பிறகு ரிப்போர்ட்டைப் படித்து "அடடா, மருந்து முதலில் கொடுத்திருக்கலாமே" என்று கைபிசைவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. தாமதத்தைவிட இந்த அவசரம்தான் கவலைக்குரியது.

ஜூன் 7, சனி

கணவருக்குத் தூக்கம் வரவில்லை. கட்டியை உள்ளேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினால், அதற்குள் பரவிவிடாதா? கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டார்.

எலிகளில் அவர் குழு பார்த்தது விசித்திரமாக இருந்தது. முதன்மைக் கட்டியை வெட்டி எடுத்ததும், வேறிடத்தில் ஒளிந்திருந்த செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கின. வெட்டுவதற்கு முன்பே மருந்து கொடுத்திருந்தால் அந்த வேகம் அடங்கியது. அப்படியானால் பெண்களுக்கும் கீமோவை முன்னால் கொண்டுவந்தால் உயிர் பிழைப்போர் கூடுவார்களா? 1988-இல் தொடங்கிய 'பி-18' என்ற ஆய்வில் 1,523 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு நான்கு சுற்று கீமோ முடிந்து அறுவை. மீதிப் பேருக்கு அறுவை முடிந்து அதே நான்கு சுற்று. மருந்தும் அளவும் ஒன்று, முன்பின் மட்டுமே வேறு.

உயிர் பிழைப்பில் வித்தியாசமே இல்லை. எலி சொன்னது பெண்களிடம் பலிக்கவில்லை. ஆனால் கணவரின் பயத்துக்கும் அதிலேயே பதில் இருந்தது: கீமோ ஓடும்போதே கட்டி வளர்ந்தது நூற்றில் மூன்று பேருக்குத்தான். மருந்தை முதலில் பெற்றவர்களில் 68 சதவீதம் பேருக்கு மார்பை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தது. மற்றக் குழுவில் 60. மேலும், மருந்தை முதலில் பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கு, அறுவையில் எடுத்த சதையை நுண்ணோக்கியில் தேடியும் ஊடுருவும் புற்றுநோய் செல் ஒன்றுகூட அகப்படவில்லை. அவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் நலமாக இருந்தார்கள். ஃபிஷர் தேடிப் போனது கிடைக்கவில்லை. கிடைத்த இந்தச் சின்ன எண்ணைத்தான் பின்வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் 2019-இல், 101 வயதில் காலமானார்.

மனைவிக்குத் தெரியாமல் கணவர் இன்னொரு கணக்கையும் எழுதி வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட பத்து ஆய்வுகளின் 4,756 பெண்களை ஒன்றாகச் சேர்த்து 2018-இல் வெளிவந்த அலசல் அது. இறப்பில் வேற்றுமை இல்லை. ஆனால் 15 ஆண்டில் அதே மார்பில் அல்லது பக்கத்தில் நோய் திரும்பியது, மருந்து முந்திய குழுவில் 21.4 சதவீதம், அறுவை முந்திய குழுவில் 15.9. சுருங்கிய கட்டியைச் சுற்றிக் குறைவாக வெட்டியதற்குக் கொடுத்த விலையாக அது இருக்கலாம். ஆகவே மருந்து முதலில் என்பது இலவசச் சலுகை அல்ல. கட்டி இருந்த இடத்தைக் கவனமாகக் குறித்து வைப்பதும், அறுவையைக் குறை வைக்காமல் செய்வதும் அதனுடன் ஒட்டிய கடமை.

ஜூன் 12, வியாழன்

ரிப்போர்ட் வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. ஹெர்-2: இரண்டு பிளஸ். மூன்று பிளஸ் என்றால் உண்டு, ஒன்று என்றால் இல்லை, இரண்டு என்றால் 'தெரியாது'. மரபணு எண்ணிக்கையை நேரடியாகப் பார்க்கும் ஃபிஷ் சோதனை வேண்டும். இன்னும் ஒரு வாரம்.

"இதுக்கு மேல என்னால முடியாது சார்," என்று கணவர் மருந்து மருத்துவரிடம் கொஞ்சம் குரல் உயர்த்திவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் கட்டி ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே நெடுநாளாக உள்ளே இருந்திருக்கும், ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது, ஆனால் ஹெர்-2 தெரியாமல் கொடுத்த மருந்து பாதி மருந்துதான் என்றார்.

ஜூன் 13, வெள்ளி

காத்திருக்கும் கூடத்தில் டீச்சருக்குப் பக்கத்தில் அமர்ந்த பெண், திருமங்கலம் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர். அறுபதை நெருங்கும் வயது. ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, நெறிக்கட்டு இல்லை, ஹார்மோன் ஏற்பி நிறைய உண்டு, ஹெர்-2 இல்லை. "எனக்கு அடுத்த புதன் ஆப்பரேஷன். ஒங்களுக்கு ஏன் இழுக்குறாங்க டீச்சர்?"

இழுக்கவில்லை என்று புரியவைப்பது எளிதல்ல. இட்லிக் கடை அக்காவின் வகைக் கட்டி கீமோவுக்கு மசிவது குறைவு. முழுதாக மறைவது நூற்றில் பத்துப் பேருக்குக்கூட இல்லை. அதைவிட முக்கியம், அவருக்குக் கீமோவே தேவைப்படாமல் போகலாம். மாதவிலக்கு நின்ற வயதில், இந்த வகையில், கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து மதிப்பெண் போடும் சோதனை உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து 2018-இல் முடிவு வந்த 'டெய்லர்எக்ஸ்' ஆய்வில், மதிப்பெண் 25 வரை உள்ள மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது. கட்டியையும் நெறிக்கட்டுகளையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் தேவையா என்பதே உறுதியாகும் ஒரு மருந்தை முதலிலேயே ஏன் ஏற்ற வேண்டும்?

ஒரே பெஞ்சில் இருவர், இருவருக்கும் 'மார்பகப் புற்றுநோய்'. வரிசை நேரெதிர்.

ஜூன் 20, வெள்ளி

ஃபிஷ் பாசிட்டிவ். டீச்சரின் நோய் ஹெர்-2 வகை. நேற்றைய கூட்டத்தின் முடிவு: மருந்து முதலில். டோசிடாக்சல், கார்போபிளாட்டின், கூடவே ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு சுற்று.

பெர்டுசுமாப் ஏன் என்பதற்கு மிலன் நகரத்து லூகா ஜியானி தலைமையில் நடந்த 'நியோஸ்ஃபியர்' ஆய்வைக் காட்டினார்கள். 2012-இல் வெளியானது, 417 பெண்கள். டிராஸ்டுசுமாபும் டோசிடாக்சலும் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு மார்பில் புற்றுநோய் முழுதாக மறைந்தது. பெர்டுசுமாபும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 46. பி-18 ஆய்வின் 13 சதவீதத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரம்!

டிராஸ்டுசுமாபை இந்தியாவிலேயே பயோகான் நிறுவனம் 2014-இல் பயோசிமிலராகக் கொண்டுவந்தது. அதன்பின் நடுத்தரக் குடும்பம் ஒன்று இந்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுந்து ஓட வேண்டியதில்லை, பெருமூச்சு விட்டால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது.

இன்று இரண்டு வேலை. இதயம் தாங்குமா என்று எக்கோ. டிராஸ்டுசுமாப் இதயத் துடிப்பின் வலுவைக் குறைக்கக்கூடும். பிறகு, கட்டியின் நடுவிலும் அந்த நெறிக்கட்டிலும் எள்ளளவு உலோகக் கிளிப். மருந்தில் கட்டி கரைந்துபோனால், எங்கே வெட்டுவது என்று அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டுமே. கிளிப் வைக்க மறந்த இடங்களில் வெற்று மார்பை வைத்துக்கொண்டு தேடிய கதைகள் உண்டு.

மாமியாருக்கு ஏக மகிழ்ச்சி. கத்தி தள்ளிப் போயிற்றே! தன் கட்சி ஜெயித்ததாகவே அவர் நினைக்கிறார். யாரும் திருத்தவில்லை.

ஜூன் 26, வியாழன்

முதல் சுற்று. காலை ஒன்பதுக்கு ஊசி போட்டு, வீடு திரும்ப இருட்டிவிட்டது. 'டே கேர்' அறையில் இருந்த பழைய நர்ஸ் ஒருவர் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பயின்றவர். அங்கே இந்த வரிசை புதிதே அல்ல என்றார். உண்மைதான். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கிய அந்த நிலையத்துக்கு, கட்டி முற்றிய நிலையில் வந்த பெண்களே அதிகம். முதலில் வெட்டுவது அவர்களுக்கு ஆகாத காரியம். அங்கிருந்த டாக்டர் சாந்தாவும் சக மருத்துவர்களும் கீமோவையும் கதிரையும் சேர்த்து முதலில் கொடுத்து, கட்டி அடங்கிய பிறகு அறுவை செய்தார்கள். 1990 முதல் 1999 வரை அப்படிச் சிகிச்சை பெற்ற 1,117 பெண்களின் விவரத்தை 2008-இல் வெளியிட்டார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்று சுற்று முடிந்திருக்கிறது. முடி போயிற்று, வயிற்றுப்போக்கு வந்து வந்து போகிறது, நாக்கில் எல்லாமே சப்பு. ஆனால் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. குளிக்கும்போது தேடித் தேடிப் பார்க்கிறார்.

இன்று கேட்டார்: "கட்டியே இல்லன்னா எதுக்கு டாக்டர் ஆப்பரேஷன்?" கைக்கு இல்லை என்பதும் நுண்ணோக்கிக்கு இல்லை என்பதும் வேறு. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை இதைச் சோதித்திருக்கிறது. 50 பெண்களில், கிளிப் இருந்த இடத்தை ஊசியால் உறிஞ்சிப் பார்த்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதியான 31 பேருக்கு அறுவை இல்லாமல் கதிர் மட்டும். 2022-இல் வெளியிட்டபோது யாருக்கும் நோய் திரும்பியிருக்கவில்லை. ஆனால் 31 பேர், இரண்டு வருடச் சொச்சம். இதை நம்பி மதுரையில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப எந்த மருத்துவரும் துணியமாட்டார், துணியவும் கூடாது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு முன்பே ஆறாவது சுற்று முடிந்தது. ரத்த அணுக்கள் மீள மூன்று, நான்கு வாரம். அதற்கு மேல் இழுக்கவும் கூடாது. நவம்பர் முதல் வாரம் அறுவை. மார்பை அகற்ற வேண்டியதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அறுவை நல்லபடியாக முடிந்து பத்து நாளாகப் போகிறது. இன்று நோய்க்குறியியல் ரிப்போர்ட். நெறிக்கட்டுகளில் ஒன்றுமில்லை. கிளிப் வைத்த நெறிக்கட்டும் கிடைத்தது, அதுவும் சுத்தம். மார்பில் மட்டும் ஆறு மில்லிமீட்டர் மிச்சம்.

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. மருத்துவருக்கோ இது தோல்வி ரிப்போர்ட் இல்லை, அடுத்த மருந்துச் சீட்டு. இதே போல மிச்சம் இருந்த 1,486 பேரை வைத்து நடந்த 'கேத்தரின்' ஆய்வில், பாதிப் பேருக்கு டிராஸ்டுசுமாபையே தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு, அந்த மருந்திலேயே கீமோ நஞ்சை ஒட்டவைத்த டி-டிஎம்1. மூன்றாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 77 சதவீதம், இரண்டாவதில் 88. ஏழாண்டுக் கணக்கில் இரண்டாவது குழுவினர் உயிர் பிழைப்பிலும் முந்திவிட்டார்கள்.

"முதல்லயே வெட்டியிருந்தா இந்த ஆறு மில்லிமீட்டர் தெரிஞ்சிருக்குமா?" கணவர் கேட்டார். ஜூன் மாதத்து மனிதர் அல்ல இவர்.

"தெரிஞ்சிருக்காது சார். மூணு சென்டிமீட்டரும் ஃபார்மலின் டப்பாவுல போயிருக்கும். மருந்து கேக்குதா கேக்கலையான்னு காட்ட உள்ள எதுவும் இருந்திருக்காது. எல்லாருக்கும் குடுக்கிறதையே குடுத்து, நம்பிக்கிட்டு இருந்திருப்போம்."

நெறிக்கட்டு சுத்தமானதால் இன்னொரு கேள்வியும் எழுந்தது: அக்குளுக்கும் கழுத்தடிக்கும் கதிர் வேண்டுமா? ஃபிஷர் நடத்திய அதே ஆய்வுக் குழுவின் 'பி-51' இதைத்தான் 1,641 பேரிடம் பார்த்தது. கீமோவில் நெறிக்கட்டு சுத்தமானவர்களுக்கு அந்தக் கூடுதல் கதிர் ஐந்தாண்டில் பலன் தரவில்லை. மார்புக்கு மட்டும் கதிர் போதுமா என்று அடுத்த வியாழக்கிழமைக் கூட்டம் பேசும்.

டி-டிஎம்1 பதினான்கு முறை. விலையைக் கேட்டதும் கணவர் அலுவலகக் கடன் விண்ணப்பம் பற்றி யோசிக்கத் தொடங்கினார். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாக மருத்துவமனைச் சமூகப்பணியாளர் ஆதார் நகலையும் வருமானச் சான்றிதழையும் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.