ச்ச என்று திறக்கும் அடைப்புக்குறி

செம்பூர், ஜூலை 7, திங்கள்

ஒரு விழா மலருக்குத் தாராவித் தோல் பட்டறைகளைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட மும்பைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளோடு பேசி எடுத்த குறிப்புகள் நோட்டு நிறைய இருக்கின்றன. கணினியில் உட்கார்ந்தால்தான் கை ஓடவில்லை. மேலே வரிசை வரிசையாகப் பொத்தான்கள், கீழே அடிக்கிற ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் சிவப்பு நெளிகோடு. சரியாக எழுதிய சொல்லைத் தப்பு என்று ஒரு கோடு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் நினைப்பு எப்படி நிற்கும்?

அதனால் மார்க்டவுன் பக்கம் வந்தேன். ஆரன் ஸ்வார்ட்ஸின் துணையோடு ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்ட முறை. தலைப்புக்கு முன்னால் ஒரு #, தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகள். கோப்பு வெறும் எழுத்தாகவே இருக்கும், எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். பாமினி, திஸ்கி என்ற பழைய குறியாக்கங்களில் அடித்து வைத்ததைப் படிக்க எழுத்துருவைத் தேடி அலைந்த தலைமுறைக்கு இது பெரிய வரம்.

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. இரண்டு எடிட்டர்களைப் பார்த்தேன்.

ஐஏ ரைட்டர் 2010-ல் ஐபேடுக்காக வந்தது. எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் மட்டும் அழுத்தமாகத் தெரிய, மற்றதெல்லாம் மங்கிவிடும். கண் அலையாமல் இருக்க இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கென்றே பார்த்துப் பார்த்து வடித்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. நாம் அடிப்பது கணினி தானாகப் போட்டுக்கொள்ளும் வேறொரு எழுத்துருவில் வரும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் அந்தப் பக்க அழகு நமக்குக் கிடைப்பதில்லை.

டைப்போரா வேறு வகை. குறிகளைப் போட்டதும் அவை மறைந்து தலைப்பு தலைப்பாகவே நிற்கும். ரொம்ப நாள் இலவசச் சோதனைப் பதிப்பாக இருந்து, 2021 நவம்பரில் விலைக்கு வந்தது. அழகுதான். என் கட்சி வேறு: குறி கண்ணில் படுகிறவரை இது இன்னும் வரைவு என்ற நினைப்பு இருக்கும், அடித்துத் திருத்தத் தைரியம் வரும். அச்சானதுபோலத் தெரியும் வரியை வெட்ட எனக்கு மனசு வராது.

ஜூலை 12, சனி, மாட்டுங்கா

காபிப் பொடி வாங்கப் போய், கிங்ஸ் சர்க்கிளில் நண்பரைப் பார்த்தேன். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் எல்லாம் பாஸ் பண்ணிவிட்டு ரயிலேறி, கோட்டைப் பகுதிக் கம்பெனி ஒன்றில் ஸ்டெனோவாக ஓய்வு பெற்றவர். இந்த மாட்டுங்காவின் பல வீடுகளில் அப்படி ஒருவராவது இருந்திருப்பார்.

மடிக்கணினியில் கோஸ்ட்ரைட்டரைத் திறந்து காட்டினேன். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும், கேடிஈ குழுவின் இலவச எடிட்டர். எழுத்துருவை நாமே தேர்ந்துகொள்ளலாம். முக்த மலர் போட்டிருக்கிறேன். இதே மும்பையின் எக் டைப் நிறுவனம் வெளியிட்டது, இலவசம். 'ஐ'காரக் கொக்கியும் 'ழூ'வின் வாலும் மேல் கீழ் வரிகளில் இடிக்காமல் நிற்கின்றன.

கோஸ்ட்ரைட்டரில் ஹெமிங்வே மோடைப் போட்டதும் அழிக்கும் விசை செத்துவிடும். நண்பர் அடித்துப் பார்த்தார். 'கறி' என்பதற்கு 'கரி' விழுந்தது. யூனிகோடில் 'ரி' என்பது ர-வும் இகரக் குறியும் சேர்ந்தது. வழக்கமாக இரண்டு தட்டு தட்டி அழித்துவிட்டு 'றி' போடுவோம். இதில் வழியில்லை.

"சார், அப்போ எங்களுக்கு வேறென்ன இருந்தது? கார்பன் காப்பி மூணு வெச்சிருப்போம். யோசிச்சுட்டுத்தான் விரல் விழும்" என்றார்.

எனக்கு அந்த மோடு முதல் வரைவுக்கு மட்டும் உதவுகிறது. ர, ற குழப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சொல்ல வந்ததைத் துரத்திப் போக முடிகிறது.

ஜூலை 13, ஞாயிறு, தாராவி

90 அடி சாலை. ஒரு பட்டறைக்காரரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். வீட்டில் எந்நேரமும் ஆட்கள், மாடியில் தையல் இயந்திரங்கள். அவன் தன் தாத்தா சொன்ன கதைகளையெல்லாம் செல்போனில் அப்சிடியனில் எழுதி வைத்திருக்கிறான். 2020-ல் வந்த செயலி. ஒவ்வொரு குறிப்பும் நம் சாதனத்திலேயே தனி மார்க்டவுன் கோப்பாக இருக்கும். ஒரு பெயரைச் சுற்றி இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டால் அது இன்னொரு குறிப்புக்கு இணைப்பாகிவிடும்.

அந்தச் சதுர அடைப்புக்குறியில்தான் எனக்குத் தினமும் தொல்லை. நான் அடிப்பது தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை. அதில் [ விசை 'ச', ] விசை 'ஞ'. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி வாங்கிக்கொள்ளும். ஆக, இணைப்பைத் திறக்க [[ தட்டினால் திரையில் 'ச்ச' என்று வருகிறது. ஆங்கிலத்துக்கு மாறி, அடைப்பைத் திறந்து, தமிழுக்கு வந்து பெயரை அடித்து, மறுபடி மாறி மூட வேண்டும். அதற்குள் வாக்கியத்தின் பின்பாதி போயே போய்விடும். முழுத்திரையும் வெள்ளையாக இருந்து என்ன பயன்?

"அண்ணாச்சி, போன்ல இந்தத் தொல்லையே கிடையாதுல்லா" என்று காட்டினான். விசைப்பலகைக்கு மேலே ஒரு பட்டை, அதில் [[ ஒரு பொத்தான். ஒரு தட்டு, தமிழிலிருந்து வெளியே வரவே வேண்டாம். "கம்ப்யூட்டர்லயும் அந்த கமாண்டுக்கு ஒரு ஷார்ட்கட் வச்சுக்கிடலாம், செஞ்சு தாரேன்" என்று என் மடிக்கணினியை வாங்கி வைத்துக் கொடுத்தான். தமிழில் எழுதுகிறவனுக்குக் கவனச்சிதறல் எங்கிருந்து வருகிறது என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. மெனுவை மறைப்பது எளிது. கை தமிழை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும் எடிட்டரைத்தான் நான் அமைதியான எடிட்டர் என்பேன்.

ஜூலை 16, புதன்

வேலை பங்கிட்டாயிற்று. குறிப்புகள் அப்சிடியனில், கட்டுரை கோஸ்ட்ரைட்டரில்.

வேற்றுமை உருபு ஒரு வேலை வைத்தது. நாஞ்சில்நாடனின் நாவலைச் சொல்லும் இடத்தில் சாய்வெழுத்துக்காக மேற்கோள்குறிகளுக்கு வெளியே ஒவ்வொரு நட்சத்திரம் வைத்து 'மிதவை'யில் என்று அடித்தேன். முன்னோட்டத்தில் நட்சத்திரங்கள் அப்படியே நின்றன. 2014-ல் வகுக்கப்பட்ட காமன்மார்க் விதிப்படி, மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் மேற்கோள்குறியும் பின்னால் ஓர் எழுத்தும் ஒட்டி வந்தால் அது மூடலாகாது. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் இடைவெளி வரும், அங்கே இது அதிகம் உறுத்தாது. நமக்கோ 'இல்', 'ஐ', 'உக்கு' எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வரும். மேற்கோள்குறியை வெளியே தள்ளி, நட்சத்திரங்களை உள்ளே சொல்லோடு ஒட்டி வைத்தால் சரியாகிவிடுகிறது. அடிக்கோட்டால் சாய்வெழுத்து போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்கு மாறுவது நல்லது. சொல்லோடு உருபு ஒட்டியிருந்தால் அடிக்கோடு வேலை செய்யாது.

மலர்க் குழு வேர்டு கோப்பு கேட்கிறது. பாண்டாக் என்ற நிரல் ஒரே கட்டளையில் மாற்றித் தந்தது, தலைப்புகள் தலைப்புகளாகவே போய்ச் சேர்ந்தன. உப்புப் போட்ட தோலை ஊறவைக்கும் பகுதிக்கு வந்திருக்கிறேன். சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றிப் பட்டறைப் பெரியவர் ஒருவர் சொன்னதில் இரண்டு இடம் தெளிவாக இல்லை, ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.